தலைவர் மறைந்த நாளில் தூரத்தில் இருப்பவர்கள்

2018 ஆகஸ்ட் 7 மாலை கலைஞர் சென்னையில் மறைந்தார். ஆகஸ்ட் 16 மாலை வாஜ்பாய் டெல்லியில் மறைந்தார். ஒருவருக்கு வயது 94, இன்னொருவருக்கு 93. அந்த இரண்டு மரணங்களையும் நான் டெல்லி ஆர்.கே.புரத்தில் இருந்து பார்த்தேன். ஒன்றைத் தொலைக்காட்சியில், மற்றொன்றைத் தெருவில் நின்று. இரண்டு முறையும் என்னோடு இருந்தவர் என் மாமனார். அந்த நாட்களில் எனக்குப் புரிந்த சில விஷயங்கள், வெளியூரில் வயதானவர்களோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாமா திருவாரூர் மாவட்டத்துக்காரர். அப்போது அவருக்கு எழுபத்தைந்து தாண்டியிருந்தது. 1965 மொழிப் போராட்டத்தில் இருந்தவர். கட்சியில் பதவி எதுவும் வாங்கியதில்லை. வட்டத்துக்குள் கூட்டம் என்றால் நாற்காலி போடுவதிலிருந்து சுவரொட்டி ஒட்டுவது வரை செய்த தொண்டர். கண்புரை அறுவைக்காக எங்களிடம் வந்திருந்தார். அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடியும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்துமாக இருந்த நேரத்தில்தான் ஜூலை 28 அன்று கலைஞரைக் காவேரி மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையவில்லை. மருத்துவமனை வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் "எழுந்து வா தலைவா" என்று கத்திக்கொண்டிருந்ததை மாமா இங்கே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் வாட்ஸப்பில் முடிந்துவிட்டது என்று செய்தி வரும். அரை மணியில் இல்லை என்று வரும். ஒவ்வொரு முறையும் அவர் உடம்பு ஆடிப்போகும். அதனால் என் கணவர் ஒன்று செய்தார். மருத்துவமனை அறிக்கை வந்தால் மட்டும் அவரிடம் சொல்வது, மற்ற எதையும் சொல்வதில்லை என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அவருடைய போனில் இருந்த குழுக்களின் சத்தத்தையும் நிறுத்தி வைத்தோம். மாமாவே அதற்குச் சம்மதித்தார். "நெசமா இருந்தா நீங்களே சொல்லுவீங்கல்ல, போதும்" என்றார். பெரிய தலைவர்கள் கவலைக்கிடமாக இருக்கும் நாட்களில் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். செய்தி வரும் வழியை ஒன்றாகக் குறைத்துவிட வேண்டும்.

ஏழாம் தேதி மாலை செய்தி உறுதியானதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி வண்டி இருக்கா?"

ரயில் இருந்தது. ஆனால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அன்றிரவு ஏறினாலும் சென்னை சேர ஒன்றரை நாள் ஆகும். அடக்கமோ மறுநாள் மாலை. விமானத்தில் அனுப்பலாம் என்றால், ஆறாத கண்ணோடு, உடல் வைக்கப்படும் ராஜாஜி அரங்கக் கூட்டத்துக்குள் அவரை எப்படி விடுவது? கண் டாக்டரிடம் போனில் கேட்டோம். தூசியும் முழங்கை இடியும் இருக்கிற இடத்துக்கு இப்போது வேண்டவே வேண்டாம் என்றார். மாமா வாதாடவில்லை. பையைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த கறுப்பு சிவப்புக் கரை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாள் ராஜாஜி அரங்கில் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள் என்று செய்தி ஓடியபோது அவர் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. ஊரில் சாவு வீட்டில் என்ன செய்வோம்? அடுப்பு மூட்ட மாட்டோம், பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும், வந்தவர்கள் பிடிவாதம் பிடித்து ஒரு வாயாவது சாப்பிட வைப்பார்கள். டெல்லியில் ஒரு தலைவருக்காகத் துக்கம் காப்பவருக்கு யார் சாப்பாடு கொண்டு வருவார்கள்? அவருக்கு ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் உண்டு. சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் மயக்கம் வரும். அதனால் "சாப்பிடுங்க மாமா" என்று சொல்வதை விட்டுவிட்டு, இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க முதல்முதலா அவர் பேசிக் கேட்டது எங்க?" என்று கேட்டேன். பேச ஆரம்பித்தார். பேச்சோடு கை தானாகத் தட்டுக்குப் போனது. துக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது, இறந்தவரைப் பற்றிப் பேச வேண்டும். இதை நான் அன்று கற்றுக்கொண்டேன். அப்புறம் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன்.

கண் விஷயமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்புரை அறுவை செய்துகொண்டவர் அழலாம். கண்ணைக் கசக்கக் கூடாது, அவ்வளவுதான். துண்டால் துடைக்க விடாமல், சுத்தமான பஞ்சு மாதிரியான மெல்லிய காகிதத்தைக் கையில் கொடுத்து, கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒற்றச் சொன்னோம். "அழாதீங்க" என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எனக்குப் பிடிப்பதும் இல்லை.

எட்டாம் தேதி காலையில் மெரினாவில் இடம் கிடைக்குமா என்ற வழக்கு. மாநில அரசு மறுத்து, காந்தி மண்டபம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் தருவதாகச் சொல்லியிருந்தது. உயர் நீதிமன்றம் இரவிலேயே விசாரித்து, காலையில் மெரினாவிலேயே அடக்கம் செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தி வந்ததும் ராஜாஜி அரங்கில் ஸ்டாலின் உடைந்து அழுததை உலகமே பார்த்தது. எங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படியே அழுதார்.

சரியாக அந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெரியவர். லக்னோக்காரர், அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். கையில் வாழைப்பழச் சீப்பு. தமிழ் அறவே தெரியாது, மாமாவுக்கு இந்தி தெரியாது. உள்ளே வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் இந்தியில், "இவருடைய தலைவர் போய்விட்டார் என்று என் பேரன் சொன்னான், விசாரிக்க வந்தேன்" என்றார். கால் மணி நேரம் இருந்திருப்பார். எழுந்து போகும்போது ஒரு கேள்வி கேட்டார்: ஏன் எரிக்காமல் புதைக்கிறார்கள்? அண்ணாவை 1969-ல் மெரினாவில் புதைத்ததையும், பெரியாரையும் எம்.ஜி.ஆரையும் ஜெயலலிதாவையும் அப்படித்தான் செய்ததையும், சடங்கு வேண்டாம் என்ற இயக்கத்தின் வழக்கத்தையும் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். மக்கள் பிறகும் வந்து பார்ப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, அது நல்லதுதான் என்றார்.

அவர் வந்து போனபிறகு மாமாவின் முகம் மாறியது. எனக்கும் அப்போதுதான் ஒன்று தெளிவானது. நாங்கள் எல்லோரும் அவரை ஒரு கட்சிக்காரராகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டுக்காரர் அவரைத் துக்கப்பட்டவராகப் பார்த்தார். நம் ஊரில் துக்கம் விசாரிக்கப் போகாவிட்டால் அது பெரிய குறை, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் தலைவர் இறந்தால் யார் வீட்டுக்குப் போய் விசாரிப்பது? தலைவர் வீட்டுக்கு நம்மால் போக முடியாது. அந்தத் தலைவருக்காக நாற்பது ஐம்பது வருஷம் சுவரொட்டி ஒட்டியவர் நம் மாடியிலேயே இருக்கிறாரே, அவரிடம் போய் விசாரிக்கலாம். இதுதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது.

அன்று பகலில் இன்னும் சிலர் வந்தார்கள். எங்கள் வளாகத்தில் இருக்கும் ஒரு தமிழர், தீவிர அ.தி.மு.க. அபிமானி. மாமாவுக்கும் அவருக்கும் பேச்சு எப்போதும் சண்டையில்தான் முடியும். அவர் அன்றைய தமிழ்ப் பத்திரிகைகள் கிடைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்தபோது தான் தனியாக அறையில் உட்கார்ந்திருந்ததையும், ஒருவரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சொன்னார். மாமா அவர் கையைப் பிடித்து, "நான் ஊர்ல இருந்துட்டேன்யா, இங்க இருந்திருந்தா வந்திருப்பேன்" என்றார்.

வீட்டு வேலைக்கு வரும் விழுப்புரம் பக்கத்து அம்மா வேலையை முடித்துவிட்டுப் போகாமல் தரையில் உட்கார்ந்தார். "எங்க ஊட்டுல இருக்குற டிவி அவரு குடுத்ததுதான், இன்னும் ஓடுது" என்றார். 2006 தேர்தல் வாக்குறுதியில் வந்த வண்ணத் தொலைக்காட்சி. அவர் ஊரில் அதுவரை பஞ்சாயத்துப் பெட்டி முன்னால் போய் நின்று படம் பார்த்திருக்கிறார். பெட்டி இருக்கும் வீடுகளுக்குப் போனால், உள்ளே நாற்காலியில் உட்கார வைக்கும் வீடும் உண்டு, வாசலோடு நிறுத்தும் வீடும் உண்டு. சொந்தமாக ஒரு பெட்டி வந்தபிறகு யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை என்று சொன்னார். இலவசம் என்று வாய்கூசாமல் இகழ்கிறவர்கள் இதை ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்.

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது, அன்றுதான் மாமாவிடம் சொன்னேன். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபது வருஷம் கழித்து, 1989-ல் கலைஞர் ஆட்சியில்தான் தமிழ்நாட்டில் அது சட்டமானது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அதனால் எனக்கு அது கிடைத்தது. அக்காவுக்கு 1987-லேயே கல்யாணம் முடிந்திருந்தது. 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை. என் பங்கில் வந்த பணத்தில்தான் என் மகளின் படிப்பு நடந்தது. இதைச் சொன்னதும் மாமா, "செங்கல்பட்டுத் தீர்மானத்தை எங்கப்பாரு சொல்லி நான் கேட்டிருக்கேம்மா. உன் கைக்கு வந்துச்சு பாரு" என்றார். அன்று முழுவதிலும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

படம் வைத்துப் பூப் போட்டோம். வேலைக்கு வந்த அம்மா விளக்கு ஏற்றலாமா என்று கேட்டார். மாமா "விளக்கு வேணாம்மா, பூ போதும்" என்றார். அவருடைய கொள்கை அது, அதையே செய்தோம். துக்கப்படுகிறவருக்கு எது சம்மதமோ அதுதான் முறை. நாம் நம் வழக்கத்தைத் திணிக்கக் கூடாது.

அன்று நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் ஒத்திவைக்கப்பட்டன. கலைஞர் ஒருமுறைகூட எம்.பி.யாக இருந்ததில்லை. டெல்லியில் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. இதை மாமாவுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றி, என் கணவர் ஆட்டோ பிடித்து அரசு அலுவலகங்கள் இருக்கும் பக்கம் ஒரு சுற்று அழைத்துப் போய் வந்தார். டெல்லிக் கொடி இறங்கி நிற்பதைக் கண்ணால் பார்த்ததில் அவருக்கு இருந்த நிறைவை என்னால் எழுத முடியவில்லை. சென்னைக்கு அனுப்ப முடியாத குறையை அது கொஞ்சம் ஆற்றியது. தூரத்தில் இருப்பவர்களுக்கு, தாங்கள் இருக்கும் ஊரிலேயே அந்தத் துக்கத்தின் அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக் காட்டுங்கள். தமிழர்கள் கூடும் இடம் ஒன்று, பேசக் கூடிய ஒரு வீடு, எதுவாகவும் இருக்கலாம்.

மாலையில் பேழையில் பொறித்திருந்த வரியைத் திரையில் காட்டினார்கள். "ஓய்வெடுக்காமல் உழைத்தவர் இதோ ஓய்வு கொண்டிருக்கிறார்." மாமா அதை உரக்கப் படித்தார். அடக்கம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னதும் அவர்தான்.

இங்கே ஒரு கடினமான விஷயத்தையும் பேசிவிட வேண்டும். எம்.ஜி.ஆர். இறந்த 1987-லும், ஜெயலலிதா இறந்த 2016-லும் தொண்டர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. அவற்றைப் பெருமையாகப் பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வீட்டில் அப்படிப் பேசாதீர்கள். தலைவர் போனபிறகு எனக்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், தூங்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனால், அதை உணர்ச்சிவசம் என்று தள்ளிவிடாமல் கூடவே ஒருவர் இருங்கள். நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது, பாரம்தான் குறையும். இப்போது 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் துக்கத்தை இந்தியில் சொல்லத் தெரியாத பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

பதினாறாம் தேதி மாலை வாஜ்பாய் மறைந்த செய்தி வந்தது. ஜூன் 11 முதல் எய்ம்ஸில் இருந்தவர். பல வருஷமாகவே பொதுவில் தோன்றாதவர். மாமாவிடம் சொன்னேன். உடனே எழுந்து சட்டையை மாட்டினார். "கீழ்வீட்டுக்காரர் லக்னோல்ல? அவங்க எம்.பி. இவரு. நாம போய்க் கேக்கணும்மா."

1991 முதல் 2009 வரை லக்னோ தொகுதி வாஜ்பாயுடையது. மாமா போகும்போது வாழைப்பழம் வாங்கிவரச் சொன்னார். கீழே அந்தப் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. நான் மொழிபெயர்க்கத் தயாராக நின்றேன், அதற்கு வேலையே வரவில்லை. 1999-ல் தி.மு.க. வாஜ்பாய் அரசில் சேர்ந்தபோது மாமா ஊரில் கட்சிக்காரர்களோடு சண்டை போட்டவர். அந்தக் கூட்டணி அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அதை நான் நினைவுபடுத்தியபோது, "அது அரசியல். மனுசன் யாரையும் மரியாதைக் குறைவாப் பேசமாட்டாரு. இது துக்கம்" என்றார்.

மறுநாள் ஊர்வலம். கீழ்வீட்டுப் பெரியவர் போக விரும்பினார். அவருடைய மகன் வெளியூரில் இருந்தார். மாமா, "நானும் வர்றேன்" என்றார். கண் டாக்டரிடம் மறுபடியும் கேட்டோம். கூட்டத்துக்குள் போகாமல் ஓரமாக நிழலில் நிற்பதானால் போகலாம், கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்றார். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அரைநாள் விடுமுறை விட்டிருந்தார்கள், நானும் விடுப்பு எடுத்தேன்.

இரண்டு முதியவர்களைப் பெருங்கூட்டத்துக்கு அழைத்துப் போவதற்கு நான் செய்த ஏற்பாடுகளை விவரமாகவே சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். முதலில், உடல் வைக்கப்பட்டிருக்கும் இடத்துக்குப் போகவே இல்லை. கிருஷ்ண மேனன் மார்க் வீட்டிலும், பிறகு தீனதயாள் உபாத்யாய மார்கில் இருந்த கட்சி அலுவலகத்திலும் வரிசை. வரிசையில் மாட்டினால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. ஊர்வலம் போகும் சாலையின் ஓரம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். டெல்லிப் போக்குவரத்துப் போலீஸ் எந்தெந்தச் சாலை மூடப்படும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடும், அதைப் பார்த்து டெல்லி கேட் பக்கம் என்று முடிவு செய்தோம். மெட்ரோ நிலைய வாசலிலிருந்து சில அடிகளில் சாலை. ஆட்டோ கிடைக்காது, கார் நுழையாது. ஆனால் மெட்ரோ தரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். ஆர்.கே.புரம் நிலையம் திறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே ஏறி, கால்காஜி மந்திரில் மாறினால் நேராக டெல்லி கேட். வண்டியில் உட்கார்ந்ததும் கீழ்வீட்டுப் பெரியவர் சொன்னார்: 2002 டிசம்பரில் இந்த ஊரின் முதல் மெட்ரோவைத் தொடங்கி வைத்தவர் வாஜ்பாய்தான்.

இரண்டு பேர் சட்டைப் பையிலும் ஒரு அட்டை வைத்தேன். பெயர், முகவரி, என் போன் எண், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது. மாமாவுடையதை இந்தியில் எழுதினேன். "பின்பக்கம் தமிழ்லயும் எழுதும்மா" என்றார், எழுதினேன். கூட்டம் அதிகமானால் போன் கோபுரங்கள் திணறும், அழைப்பு போகாது. அதனால் பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று முதலிலேயே ஓர் இடத்தைக் காட்டிவிட வேண்டும். நாங்கள் நிலையத்தின் டிக்கெட் கவுன்டரைச் சொல்லி வைத்தோம். தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்தது ஒரு பாட்டில். ஆகஸ்ட் டெல்லியில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். செருப்பு வேண்டாம், பின்னால் வார் வைத்த செருப்போ ஷூவோதான். கூட்டத்தில் கழன்ற செருப்பை எடுக்கக் குனிவதுதான் பெரிய ஆபத்து. தள்ளுமுள்ளு வந்தால் எதிர்த்துத் தள்ளக் கூடாது, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டம் நகரும் திசையிலேயே சாய்வாக ஓரத்துக்கு வர வேண்டும். சுவர், கம்பித் தடுப்பு பக்கம் நிற்கக் கூடாது, நசுக்குவது அங்கேதான். இதையெல்லாம் வீட்டிலேயே இரண்டு முறை செய்து காட்டினேன். கைக்குழந்தையோடு வந்தவர்களை அங்கே பார்த்தேன். என்னைக் கேட்டால், எந்தத் தலைவருக்காகவும் குழந்தையை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

இரண்டு மணிக்கு மேல் ஊர்வலம் கிளம்பியது. காத்திருந்த நேரம்தான் எனக்கு மறக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். ஹரியானாவிலிருந்து வந்த ஒரு லாரி ஓட்டுநர், கொல்கத்தா சாலை நான்கு வழியானபிறகுதான் தன்னால் வீட்டுக்கு ஒழுங்காகப் போய்வர முடிந்தது என்றார். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைத்த தங்க நாற்கரச் சாலைத் திட்டம் வாஜ்பாய் ஆட்சியில் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் சிலர், அவர் பேச்சை யூடியூபில் மட்டுமே கேட்டவர்கள். இவர்கள் சொன்னதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "அந்த டிவி மாதிரி" என்றார்.

மலர் மூடிய பீரங்கி வண்டியில் உடல் போனது. பின்னால் பிரதமர் மோடி நடந்து போனார். "அடல் பிஹாரி அமர் ரஹே" (அடல் பிஹாரி என்றும் வாழ்க) என்று கூட்டம் முழங்கியது. கீழ்வீட்டுப் பெரியவர் கைகூப்பினார், மாமாவும் கூப்பினார். என்னைச் சுற்றி இருந்த கைகளில் பாதி போனைத் தூக்கியிருந்தன. நான் எடுக்கவில்லை, இரண்டு பேரின் முழங்கையையும் பிடித்திருந்தேன். கூட்டம் கலையும்போதுதான் நெரிசல் அதிகம். அதனால் வண்டி கடந்தபிறகும் அரை மணிக்கு மேல் அதே இடத்தில் நின்று, ஆள் குறைந்தபிறகு இறங்கினோம். ராஷ்ட்ரீய ஸ்மிருதி ஸ்தலில் வளர்ப்பு மகள் கொள்ளி வைத்ததை இரவில் கீழ்வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். மாமா என்னைப் பார்த்து, "பொண்ணுதான் வெச்சிச்சு, பாத்தியா" என்றார்.

ஊருக்குத் திரும்பும்போது மாமா சென்னையில் இறங்கி மெரினாவுக்குப் போய்விட்டுத்தான் போனார். கூட்டம் இல்லாத நாளில், கண் ஆறியபிறகு. அடக்கத்தன்று போகாத குறை தீர்ந்தது என்றார். அன்றே முகம் பார்த்தால்தான் ஆச்சு என்று அடம்பிடிக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சமாதி எங்கும் போகாது.

2024 டிசம்பர் 26 இரவு மன்மோகன் சிங் எய்ம்ஸில் மறைந்தார். மறுநாள் காலை மயிலாடுதுறையிலிருந்து அக்கா போன் செய்தாள். "நீ டெல்லியிலதானடி இருக்க. எனக்காகவும் ஒரு தடவை போயிட்டு வந்துரு."

காரணம் இருக்கிறது. 1989 சட்டம் அக்காவை விட்டுவிட்டது. 2005-ல் மன்மோகன் சிங் ஆட்சியில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நாடு முழுவதற்கும் திருத்தினார்கள். கல்யாணம் ஆனவளா, எப்போது ஆனது என்ற வித்தியாசம் போனது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறைப்படி பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சட்டம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் தெளிவாக்கியது. எங்கள் வீட்டில் ஒரு பகுதி நிலம் பிரிக்காமல் இருந்தது. அக்காவுக்கு அதில் பங்கு வந்தது, அறுபது வயதுக்குப் பிறகு தன் பெயரில் ஒரு பட்டா.

27-ஆம் தேதி டெல்லியில் விடாத மழை. டிசம்பரில் அப்படி ஒரு மழை நூறு வருஷத்தில் பெய்ததில்லை என்றார்கள். 28-ஆம் தேதி காலை அக்பர் ரோடு காங்கிரஸ் அலுவலகத்தில் ஒரு மணி நேரம்தான் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதாக அறிவித்தார்கள். ஈரமும் குளிருமாக இருந்தது, சாலையோரத்தில்தான் நின்றேன். முழக்கம் இருந்தது, ஆனால் 2018 போலப் பெருங்கூட்டம் இல்லை. நினைவிடத்துக்கு எங்கே இடம் என்ற தகராறு இவருக்கும் வந்தது, அதைக் கேட்டபோது மெரினா வழக்கு நாள்தான் நினைவுக்கு வந்தது.

எனக்குப் பக்கத்தில் கம்பளிப் போர்வையோடு ஓர் உத்தரப்பிரதேசப் பெண். உங்கள் கட்சியா என்று என்னைக் கேட்டாள். இல்லை, என் அக்காவுக்காக வந்தேன் என்று பட்டா கதையைச் சொன்னேன். அவளுக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியவில்லை. கல்யாணமான மகளுக்குமா, கிராமத்து வயலுக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விவசாய நிலத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும், அதனால் வக்கீலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். வக்கீலுக்குப் பணமில்லை என்றாள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அரசின் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச உதவி உண்டு. அந்த எண் 15100. அவள் போனில் அதைச் சேமித்துக் கொடுத்தேன், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் கதௌனி பதிவேட்டின் நகலை முதலில் வாங்கி வைக்கச் சொன்னேன். வாகனம் தகனம் நடக்கும் நிகம்போத் காட் பக்கம் கிளம்பியதும் இருவரும் கைகூப்பினோம். மெட்ரோவில் திரும்பும்போது அக்காவுக்குப் போன் செய்து, போய்வந்ததைச் சொன்னேன்.